ஐந்து நிமிஷக் கரண்ட்

அத்தியாயம் 6

"செத்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண் எங்கள் ஆபீசின் ஒரே நல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். இன்னொரு நாற்காலிக்கு மூன்று கால்தான். அதில் நான் உட்கார்ந்திருந்தேன், நாலாவது காலாக என் காலையே ஊன்றிக்கொண்டு.

மேஜைக்கு அந்தப் பக்கம் மீட்டர். ஊரில் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய்க் கரண்ட் மீட்டர் பார்த்தவள். மீட்டர்கள் தாங்களாகவே ஆபீசுக்குத் தகவல் அனுப்ப ஆரம்பித்ததும் அவளை மூலையில் உட்கார்ந்து பேப்பர் அடுக்கச் சொன்னார்கள். 'அடுக்க மாட்டேன், துப்பறியப் போறேன்' என்று வந்துவிட்டாள். நான் அவளுக்கு உதவியாள். முறைக்குச் சித்தப்பா, வயசுக்கு அவளைவிட மூன்று வருஷம் சின்னவன். அதனால் ஒரு வசதி. உலகத்தில் எந்த முதலாளியும் வேலையாளை இவ்வளவு மரியாதையாக விரட்டியதில்லை.

"சித்தப்பா, பேசாம உக்காந்திருக்கீங்களே, டீ போடுங்க."

போட்டேன். எங்கள் கெட்டிலுக்கு பிளக் கிடையாது. உடைந்து நாலு மாதம் ஆகிறது. ஒயரின் இரண்டு நுனியையும் சாக்கெட் ஓட்டைகளில் விட்டு, கழன்று விழாமல் இருக்க ஓட்டைக்கு ஒரு தீக்குச்சி செருகி வைத்திருக்கிறேன். மீட்டர் தினமும் அதற்காகத் திட்டுவாள். தினமும் அதில் போட்ட டீயைக் குடிப்பாள்.

"இத்தன நாள்ல ஒண்ணும் ஆகலையே?" என்பேன்.

"ஆகற வரைக்கும் ஒண்ணும் ஆகாது சித்தப்பா" என்பாள்.

வந்தவள் சப்ஸ்டேஷன் ஆபரேட்டர். எந்தத் தெருவுக்குக் கரண்ட் போக வேண்டும், எதற்கு நிறுத்த வேண்டும் என்று ஸ்விட்ச் போடுகிறவள். மடியில் நீளமான ஒரு நோட்டு. சப்ஸ்டேஷன் பதிவேடு. அதைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துப் பிடித்திருந்தாள்.

"முதல்ல இருந்து சொல்லும்மா" என்றாள் மீட்டர்.

"இன்னைக்குக் காலைல பத்து அஞ்சுக்கு எங்க மாமா போன் பண்ணினார். அக்கா வீட்டுக்காரர். லைன்மேன். கம்பத்துல ஒயர் மாத்தணும், லைன நிறுத்துன்னார். நிறுத்தினேன். நிறுத்தி, பூட்டி, பதிவேட்ல எழுதினேன். பத்தே முக்காலுக்கு, டீ குடிக்க இறங்கியிருக்கேன்னு மறுபடி போன் பண்ணினார். பதினொண்ணு ஒம்போதுக்கு அவர் ஷாக் அடிச்சுக் கீழ விழுந்துட்டார். கை கருகிப் போச்சு. இன்னும் கண்ணு முழிக்கல."

"நீ திரும்ப ஸ்விட்ச் போட்டியா?"

"போடல."

"இன்ஜினியர் என்ன சொல்றார்?"

"போட்டேன்னு சொல்றார். மறந்து போட்டுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணுமாம். அஞ்சு மணிக்குள்ள. போட்டா வேலை மட்டும் போகுமாம், போடலைன்னா போலீஸாம்." அவள் டீயைத் தொடவில்லை. "அதெல்லாம் கூடப் பரவால்லக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் அக்கா என்னைப் பார்த்ததும் என் மூஞ்சில கதவச் சாத்திட்டா. அதான் தாங்க முடியல."

நான் ஏதாவது தமாஷாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். மீட்டர் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"உங்க மாமா டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் கட்டைய உருவினாரா?"

"கண்டிப்பா. மூணையும் உருவித் தன் பையில போட்டுக்கிட்டுத்தான் கம்பத்துல ஏறுவார். என்னை மட்டும் இல்ல, யாரையும் நம்ப மாட்டார். ஆனா இன்ஜினியர், அவர் இன்னைக்கு உருவவே இல்லைங்கறார். பை அக்காகிட்ட இருக்கு. அவதான் என்கிட்ட பேசலையே."

"கம்பத்துல எர்த் செயின் மாட்டலையா?"

"அறுந்து ஒம்போது மாசமாச்சு. புதுசு வரல."

மீட்டர் எழுந்தாள். "ஃபியூஸ் கட்டை அவர் பையில இருந்தா, நீ சப்ஸ்டேஷன்ல நாலு ஸ்விட்ச போட்டிருந்தாலும் அந்த ஒயருக்குக் கரண்ட் வராது. நடுவுல பாலமே இல்லையே. ஆனா ஒயர்ல கரண்ட் இருந்திருக்கு. மேல இருந்து வரலைன்னா?"

"கடவுள்" என்றேன்.

"கீழ இருந்து வந்திருக்கு சித்தப்பா. ஏதோ ஒரு வீட்ல இருந்து. செருப்பப் போடுங்க. நீ இங்கயே இரும்மா, அந்தக் கெட்டிலத் தொடாத."

* * *

அந்தத் தெருவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டே முக்கால். ஏணி சாய்த்திருந்த கம்பத்தின் கீழே லைன்மேனின் ஒற்றைச் செருப்பு இன்னும் கிடந்தது. யாரோ அதைத் தூக்கிச் சுவரோரமாக ஒழுங்காக வைத்திருந்தார்கள். கரண்ட் ஒன்று இருபதுக்கே திரும்பி வந்துவிட்டதாம். வேறு ஆட்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"இந்தக் கம்பத்துக்கு அப்புறம் ஒம்போது வீடு" என்றாள் மீட்டர். "மேல பாருங்க. எத்தனை ஒயர் கரண்ட் கொண்டு வருது?"

"நாலு ஓடுது."

"அதுல ஒண்ணு நியூட்ரல், திரும்பிப் போற வழி. மீதி மூணு. ஒரே ஒயர்ல எல்லா வீட்டையும் தொங்க விட்டா அது தாங்காது. அதனால முதல் வீட்டுக்கு முதல் ஒயர், ரெண்டாவதுக்கு ரெண்டாவது, மூணாவதுக்கு மூணாவது. நாலாவது வீட்டுக்கு மறுபடி முதல் ஒயர்."

"மூணு பிள்ளைங்களுக்கு மிட்டாய் பங்கு போடற மாதிரி."

"அதேதான். இப்ப ஒவ்வொரு வீடா ஒரே ஒரு கேள்வி."

முதல் வீட்டில் ஒரு அம்மா கதவை ஒரு விரற்கடை திறந்தார்.

"யாரு?"

"சர்வே" என்றேன். அந்தச் சொல்லுக்குத் திறக்காத கதவை நான் பார்த்ததில்லை.

"இன்னைக்குக் காலைல கரண்ட் போச்சே, நடுவுல வந்துச்சாம்மா?" என்றாள் மீட்டர்.

"வந்துச்சாவா? என் மிக்ஸி தானா ஓடுச்சுங்க! கரண்ட் போனப்ப ஸ்விட்ச அணைக்காம விட்டுட்டேன். பதினொரு மணி வாக்குல குளிச்சிட்டு இருக்கேன், சமையல் ரூம்ல கர்ருனு ஒரு சத்தம். வீட்ல வேற ஆளே இல்ல. துண்டோட தெருவுக்கு ஓடிட்டேன்."

"ஐயையோ" என்றேன். "அப்புறம்?"

"தெருவுல போய் நின்னப்பதான் தெரிஞ்சுது, எதிர் வீட்டுக்காரருக்குப் பேயே தேவலாம்னு. உள்ள வந்துட்டேன். ஸ்விட்சுகிட்ட போறதுக்குள்ள அதுவே நின்னுடுச்சு."

அவர் வீட்டு மைக்ரோவேவ் அடுப்பில் இருந்த மணி, தப்பாக 1:25 என்று மினுக்கிக்கொண்டிருந்தது. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அந்த மாதிரி மணிகள் முதலில் இருந்து எண்ண ஆரம்பித்துவிடும்.

இரண்டாவது வீட்டில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர். கண்கள் சிவந்திருந்தன.

"நடுவுல கரண்ட் வந்துச்சா சார்?"

"வந்திருந்தா ஃபேன் ஓடியிருக்கும். ஃபேன் ஓடியிருந்தா நான் தூங்கியிருப்பேன். தூங்கியிருந்தா உங்கள இப்படி முறைக்க மாட்டேன்." கதவு மூடிக்கொண்டது.

மூன்றாவது வீட்டில் ஒரு மீன் தொட்டிக்காரர். கேள்வியைக் கேட்டதும் அழுதுவிடுவார் போலிருந்தது. "நடுவுல ஒரு நிமிஷம் கூட வரல சார். தொட்டி பம்பு நின்னு போச்சு. மூணு மணி நேரம் நான்தான் ஸ்ட்ரா வச்சு ஊதினேன். கன்னம் ரெண்டும் மரத்துப் போச்சு."

"மீனுங்க எப்படி இருக்கு?"

"அதுங்க நல்லா இருக்கு. என்னையும் கொஞ்சம் விசாரிங்க."

நாலாவது வீட்டுக்குள் நுழைந்ததுமே என் மூளை வேலை செய்தது. அது அடிக்கடி நடப்பதில்லை என்பதால் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. மேஜை மேல் மின்சாரத்தில் ஓடும் கடிகாரம். 2:58. சரியான நேரம்! தெருவே மினுக்கிக்கொண்டு தப்பு மணி காட்டுகிறது, இந்த வீட்டில் மட்டும் சரி. அப்படியானால் இங்கே கரண்ட் போகவே இல்லை.

"ஜெனரேட்டர் எங்க வச்சிருக்கீங்க?" என்று கேட்டு, தப்பித்து ஓடாதபடி வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

கண்ணில் சின்ன பூதக்கண்ணாடியை மாட்டியிருந்த மனிதர் நிமிர்ந்தார். ஒரு கண் மட்டும் யானைக்கண் அளவு தெரிந்தது. "என்ன ஜெனரேட்டர்?"

"உங்க வீட்டு மணி மட்டும் எப்படிச் சரியா இருக்கு?"

"நான் கடிகாரம் ரிப்பேர் பண்றவன்யா! என் வீட்ல மணி தப்பாக் காட்டினா நாளைக்கு எவன் என்கிட்ட வாட்சக் கொடுப்பான்? கரண்ட் வந்ததும் முதல் வேலையா அதத்தான் வைப்பேன். இன்னைக்கு அந்தச் சனியன ரெண்டு தடவ வைக்க வேண்டியதாப் போச்சு."

மீட்டர் என்னைத் தோளால் ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "ரெண்டு தடவையா? எப்ப எப்ப?"

"பதினொண்ணு நாலுக்கு வந்துச்சு. வச்சேன். வச்சு நிமிர்றதுக்குள்ள பதினொண்ணு ஒம்போதுக்குப் போயிடுச்சு. அப்புறம் ஒண்ணு இருபதுக்கு வந்துச்சு. மறுபடி வச்சேன்."

"நிமிஷம் சுத்தமாத் தெரியுமா?"

அவர் சட்டைக் கையை மடக்கிக் காட்டினார். இடது கையில் இரண்டு வாட்ச், வலது கையில் ஒன்று. "மூணும் ஒண்ணாச் சொல்லுச்சு. உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க, வீட்டுக்குள்ள வந்ததும் ஆள மறிச்சு நிக்கக் கூடாதுன்னு."

"வீட்டுக்காரர் இல்ல, சித்தப்பா."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கணக்கை எந்த வாட்சும் தீர்த்துவைக்காது.

வெளியே வந்ததும் மீட்டர் விரலை மடக்கினாள். "பதினொண்ணு நாலு முதல் ஒம்போது வரைக்கும் அஞ்சு நிமிஷம். ஒம்போதுக்கு லைன்மேன் விழறார். பத்தே முக்காலுக்கு டீ குடிக்க இறங்கினவர், அந்த நேரத்துல திரும்ப ஏறிக் கை வச்சிருக்கார். இறங்கறப்ப செத்துக் கிடந்த ஒயர், ஏறறப்ப உயிரோட இருந்திருக்கு. அவர் விழுந்தப்ப ஒயர் போய்க் கம்பத்து இரும்புல பட்டுச்சு. கரண்ட் கொடுத்துக்கிட்டிருந்த வீட்டு ஜெனரேட்டர் மூச்சு முட்டி நின்னுடுச்சு."

"அந்த வீடு எது? முதல் வீட்டு அம்மா துண்டோட ஓடியிருக்காங்க, அவங்க இல்ல. கடிகாரக்காரர் இல்ல. தானே ஜெனரேட்டர் போட்டவன் எவனும் 'கரண்ட் வந்துச்சு'ன்னு நிமிஷக் கணக்கோட நம்மகிட்ட சொல்ல மாட்டான்."

"முதல் ஒயர்ல தொங்கறது மொத்தம் மூணு வீடு. ஒண்ணு, நாலு..."

"ஏழு!" என்று ஓடினேன்.

பாதி வழியில் திரும்பிப் பார்த்தேன். மீட்டர் ஓடி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

* * *

ஏழாவது வீடு பூட்டியிருந்தது. பச்சை கேட். வாசலில் வாளி கவிழ்ந்து கிடந்தது. யாரோ அவசரமாகப் போயிருக்கிறார்கள்.

"சித்தப்பா, பக்கத்துச் சந்துல போய் பின் சுவர் மேல ஏறிப் பாருங்க. எதையும் தொடாதீங்க." அவள் குரல் வழக்கமான குரலாக இல்லை.

ஏறினேன். பின்பக்கத் தாழ்வாரத்தில் தண்ணீர் மோட்டார். அதற்குப் பக்கத்தில் சூட்கேஸ் அளவுக்கு ஒரு சின்ன ஜெனரேட்டர். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரிலிருந்த சாக்கெட்டுக்குப் போயிற்று.

"ஒயர் இருக்கு. சாதா ஒயர்தான்" என்று கத்தினேன்.

"ரெண்டு முனையும் எப்படி இருக்கு?"

உற்றுப் பார்த்தேன். ஜெனரேட்டர் பக்கம் பிளக். சுவர் பக்கமும் பிளக். இரண்டு பக்கமும் பின் வைத்த ஒயரை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். வீட்டில் ஒருவர் உட்கார்ந்து செய்தால்தான் உண்டு. அதுவும் ரொம்ப நேர்த்தியாகச் செய்திருந்தது. திருகெல்லாம் கச்சிதம். வேலை தெரிந்த கை.

"ஜெனரேட்டர் கரண்ட சுவர் சாக்கெட் வழியாவே வீட்டுக்குள்ள தள்றது" என்றாள் கீழே நின்ற மீட்டர். "ஒரு ஒயர் போதும், வீடு பூரா லைட் எரியும். ஆனா அதுக்கு முன்னாடி மெயின் ஸ்விட்ச அணைச்சாகணும். மெயின்னா வாசக்கதவு மாதிரி. அதச் சாத்தலைன்னா வீட்டுக்குள்ள இருக்கற கரண்ட் அப்படியே மீட்டர் வழியா, தெரு ஒயருக்குப் போயிடும். முதல் ஒயர்ல போய், மிக்ஸியத் திருப்பி, கடிகாரத்த மினுக்க வச்சு..."

"கம்பத்துல இருந்தவர அடிச்சிருக்கு" என்று முடித்தேன். "யாரு வீடு இது? எவன் இந்த ஒயரச் செஞ்சான்? கையில கெடச்சா..."

அப்போதுதான் கொடியில் பார்த்தேன். துவைத்த சட்டைகளுக்கு நடுவே, கம்பம் ஏறுகிறவர்கள் இடுப்பில் கட்டும் அகலமான தோல் பெல்ட் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது.

சுவரிலிருந்து இறங்கினேன். இறங்க ரொம்ப நேரம் பிடித்தது.

"உனக்குத் தெரியுமா?"

"இருபத்திரண்டு வருஷம் அந்த வீட்டு மீட்டரப் பார்த்திருக்கேன் சித்தப்பா. ஏழுன்னு வந்ததுமே தெரிஞ்சுது. லைன்மேன் வீடு."

* * *

ஆபீசுக்கு வந்து ஆபரேட்டரிடம் சொன்னோம். மீட்டர்தான் சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

ஆபரேட்டர் ரொம்ப நேரம் பதிவேட்டின் அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "இத யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றாள்.

"அப்ப அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடப் போறியா?"

"மாட்டேன்."

"இதையும் சொல்ல மாட்டே, அதுவும் போட மாட்டேன்னா எப்படிம்மா?" என்றேன்.

"நான் செய்யாதத செஞ்சேன்னு எழுத மாட்டேன். என் அக்கா பேரையும் என் வாயால சொல்ல மாட்டேன். போலீஸ் வரட்டும். ரெண்டுக்கும் நடுவுல நிக்கறேன், என்ன இப்ப?"

இந்தத் தொழிலில் நான் பார்த்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கெஞ்சுவார்கள். கண்டுபிடித்த உண்மையைத் திருப்பி உள்ளே வைக்கச் சொன்னவள் இவள் ஒருத்திதான்.

நான் எழுந்து போய் ஒரு சின்ன வேலை செய்தேன். அதைப் பற்றிப் பிறகு.

"சரி" என்றாள் மீட்டர் கடைசியில். "யார்கிட்டயும் சொல்லல. ஆனா ஃபியூஸ் கட்டை இருக்கற பைய உன் அக்காகிட்ட கேக்கலாம்ல? அது மட்டும் போதும், நீ ஸ்விட்ச் போடலைன்னு ஆயிடும். கேக்கறது வேற, சொல்றது வேற. சித்தப்பா, ஆஸ்பத்திரிக்குப் போங்க. பைய மட்டும் கேளுங்க."

போனேன். வார்டு வாசலில் அக்கா நின்றிருந்தாள். தங்கையின் அதே முகம், பத்து வருஷம் கூடுதலாக.

"உங்க வீட்டுக்காரரோட பை வேணும்மா. உங்க தங்கச்சிக்காக."

அவள் கண்கள் என் சட்டைக்குப் போயின. முழங்கையிலிருந்து மார்பு வரை சுண்ணாம்பு. சுவர் ஏறினவனின் சட்டை.

"எந்த வீட்டுச் சுவர்?" என்றாள்.

பிழைப்பே பொய் சொல்வதாக இருக்கிற எனக்கு அப்போது பார்த்து ஒன்றும் வரவில்லை.

"அவளுக்குத் தெரியுமா?"

தலையாட்டினேன்.

"ஆபீஸ்ல சொல்லிட்டாளா?"

"சொல்ல மாட்டாளாம்."

"கையெழுத்து?"

"அதுவும் மாட்டாளாம்."

அக்கா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

வெறும் கையோடு திரும்பினேன்.

* * *

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம். இன்ஜினியர் ரூமில் தெருவுக்கே கரண்ட் போனாலும் நிற்காத ஃபேன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மேஜை மேல் டைப் அடித்த தாள். அதன் மேல் மூடி திறந்த பேனா. வெளியே வராந்தாவில் நாலைந்து லைன்மேன்கள் ஏணியோடு, வேலைக்குக் கிளம்பப் போகிறவர்கள் மாதிரி, ஆனால் கிளம்பாமல் நின்றார்கள்.

"போட்டுடும்மா. எல்லாருக்கும் நல்லது" என்றார் இன்ஜினியர். தன்மையான மனிதர். பல் டாக்டர் மாதிரி வலிக்காது என்று சொல்கிற குரல்.

"மாட்டேன் சார்."

"அப்ப கரண்ட் எங்கிருந்து வந்துச்சு? சொல்லு. அதையாவது சொல்லு."

ஆபரேட்டர் மடியில் இருந்த பதிவேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"என் வீட்ல இருந்து வந்துச்சு" என்றது ஒரு குரல்.

அக்கா வாசலில் நின்றாள். கையில் ஒரு காக்கிப் பை. தோளில் சுருட்டிப் போட்டிருந்த கறுப்பு ஒயர். லைன்மேன்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் உள்ளே வந்து பையைக் கவிழ்த்தாள். மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் டைப் அடித்த தாள் மேல் டக், டக், டக் என்று விழுந்தன.

"இது அவர் பையில இருந்துச்சு. இது பையில இருக்கறப்ப இவ ஸ்விட்ச் போட்டா என்ன, போடலைன்னா என்ன?" தோளிலிருந்து ஒயரை இறக்கி வைத்தாள். "இது என் வீட்டு ஜெனரேட்டர் ஒயரு. ரெண்டு பக்கமும் பின்னு. கரண்ட் போற நாள்ல எனக்குக் கஷ்டமா இருக்கும்னு அவரே செஞ்சு கொடுத்தார். செருகறதுக்கு முன்னாடி மெயின அணைக்கணும். எப்பவும் அவரே அணைச்சிடுவார். நான் ஜெனரேட்டர மட்டும் இழுத்து விடுவேன். இன்னைக்கு..." அவள் ஒயரைத் தள்ளிவிட்டுப் பேசினாள். "தொட்டியில தண்ணி இல்ல. மதியம் வந்து குளிப்பாரேன்னு மோட்டார் போட்டேன். மெயின அணைக்க எப்பவும் இருக்கற ஆளு கம்பத்து மேல இருந்தார்."

ஃபேன் மட்டும் சுற்றியது.

அக்கா தங்கையின் பக்கம் திரும்பினாள். "ஆஸ்பத்திரிக்குப் போற வழிலயே எனக்குப் புரிஞ்சிடுச்சுடி. உன் மேல கோபத்துல கதவச் சாத்தல. உன் மூஞ்சியப் பார்க்க முடியாம சாத்தினேன்."

"மாமா?" என்றாள் தங்கை.

"கண்ணு முழிச்சிட்டார். கைதான் இன்னும் தெரியல."

இன்ஜினியர் ஒரு பெருமூச்சு விட்டார். நிம்மதிப் பெருமூச்சு. டைப் அடித்த தாளைக் கட்டைகளுக்கு அடியிலிருந்து உருவிக் கசக்கிவிட்டு வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்தார். "அப்ப விஷயம் முடிஞ்சுது. நீங்களே உங்க பேர்ல எழுதிக் கொடுத்துடுங்கம்மா."

"ஒரு சின்ன சந்தேகம் சார்" என்றாள் மீட்டர். அவள் சந்தேகம் என்றால் எனக்குக் காது குளிரும். "ஒண்ணு இருபதுக்குக் கரண்ட் விட்டாங்களே, டிரான்ஸ்ஃபார்மர்ல ஃபியூஸ் கட்டை இருந்துச்சா?"

இன்ஜினியர் பேனா மூடியைத் தேடினார்.

வராந்தாவிலிருந்து ஒரு வயசான லைன்மேன் பதில் சொன்னார். "மூணு இடமும் காலியா இருந்துச்சு. ஸ்டோர்ல இருந்து புதுசு வாங்கி நான்தான் போட்டேன். சார்கிட்ட அப்பவே சொன்னேன்."

"அப்ப இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லைன்னு உங்களுக்கு ஒண்ணு இருபதுக்கே தெரியும்" என்றாள் மீட்டர். "இருந்தும் அஞ்சு மணிக்குள்ள ஒரு கையெழுத்து வேணும். யாரு கையெழுத்தா இருந்தாலும் சரி. ஏன் சார்?"

அதற்கு ஆபரேட்டர் பதில் சொன்னாள். மடியில் இருந்த பதிவேட்டை மேஜை மேல் விரித்தாள்.

"எர்த் செயினுக்காக. மூணு ஒயரையும் சேர்த்து அந்தச் செயின மாட்டி மண்ணுல இறக்கிட்டா, எந்த வீட்ல எவ மெயின அணைக்க மறந்தாலும், கரண்ட் ஆள விட்டுட்டு மண்ணுக்குப் போயிடும். செயின் அறுந்து போச்சு, புதுசு வேணும்னு எழுதியிருக்கேன். பாருங்க, இது ஒண்ணு. இது ஒண்ணு. மொத்தம் பதினொரு தடவ. ஒவ்வொண்ணுக்கும் கீழ உங்க கையெழுத்து இருக்கு. 'பார்த்தேன்'னு."

"அது வேற ஃபைல்மா."

"அந்த ஃபைல்லதான் சார் எங்க மாமா படுத்திருக்கார்."

வராந்தாவில் யாரோ 'அப்படிப் போடு' என்றார்கள்.

அக்கா வெள்ளைத் தாளை இழுத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பெரிய பெரிய எழுத்து. மெயினை அணைக்காமல் ஜெனரேட்டர் போட்டேன் என்று ஒரு வரி. எர்த் செயின் ஒன்பது மாதமாக இல்லை, பதினொரு தடவை கேட்டும் வரவில்லை என்று இன்னொரு வரி.

இன்ஜினியர் எட்டிப் பார்த்தார். "அந்த ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துட்டா..."

"எடுத்தா முதல் வரியும் கிடையாது" என்றாள் அக்கா. "என் தப்பு என் தப்புதான். அத எந்தக் கோர்ட்டுல வேணா நின்னு சொல்லுவேன். ஆனா என் தப்ப வச்சு உங்க தப்ப மூடறதுக்கு விட மாட்டேன்."

கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள். காலையிலிருந்து மாட்டேன் மாட்டேன் என்று நின்றவள் அதை வாங்கி, சாட்சி என்று எழுதி அக்கா பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரைப் போட்டாள்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு என் ஷிஃப்ட் சார். கிளம்பறேன். நிறுத்தறதா இருந்தா இப்பவே நிறுத்துங்க."

இன்ஜினியர் நிறுத்தவில்லை.

நாங்கள் வெளியே வந்தபோது அந்த வயசான லைன்மேன் மற்றவர்களுக்குக் கண்ணைக் காட்டினார். சுவரில் சாய்த்திருந்த ஏணியை நாலு பேர் தூக்கினார்கள். கம்பத்துக்குக் கொண்டுபோகவில்லை. இன்ஜினியர் ரூம் வாசலுக்குக் குறுக்கே, கதவை ஒட்டி, தரையில் படுக்க வைத்தார்கள்.

"செயின் வர்ற வரைக்கும் இது இங்கதான் சார் இருக்கும்" என்றார் பெரியவர் உள்ளே பார்த்து. "நீங்க தாண்டித் தாண்டிப் போய் வந்துக்கிட்டு இருங்க."

அக்காவும் தங்கையும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். யார் தோளில் யார் சாய்ந்திருந்தார்கள் என்று பின்னாலிருந்து தெரியவில்லை.

"சித்தப்பா" என்றாள் மீட்டர், நடந்துகொண்டே. "ஒரு லைன்மேனே தன் வீட்ல இப்படி ஒரு ஒயரச் செஞ்சு வச்சிருக்கார். தினமும் கரண்டோட பழகற ஆளு. இத்தன நாள்ல ஒண்ணும் ஆகலையேன்னு நினைச்சிருப்பார். ஆபீசுக்குப் போனதும் அந்தக் கெட்டில்..."

நான் சட்டைப் பையில் கையை விட்டு, மதியமே பிடுங்கி வைத்திருந்த இரண்டு தீக்குச்சிகளை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

அவள் அவற்றைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"மெயின அணைச்சிட்டுப் பிடுங்கினீங்களா?"

எதிரே ஒரு பஸ் வந்தது. ஓடிப் போய் ஏறிக்கொண்டேன்.